விரிசல்களைத் திருடியவர்

"சாட்சிகளை ஒவ்வொண்ணா அழிச்சிட்டு வர்றாங்கம்மா. நேத்து வரைக்கும் பன்னிரண்டு போச்சு. இன்னிக்குக் காலையில போய்ப் பார்த்தா பதினாறு!"

இவ்வாறு கூறிவிட்டு நாற்காலியின் நுனியில் அமர்ந்த மனிதரின் புருவங்களிலும் முழங்கைகளிலும் வெள்ளைத் தூள் படிந்திருந்தது. வீங்கிய இடக் கன்னத்தைக் கைக்குட்டையால் தாங்கிக்கொண்டிருந்த வாயாடி, வலியையும் மறந்து நிமிர்ந்தான். பதினாறு! அவனுடைய அண்ணி துப்பறியும் தொழிலைத் தொடங்கி இரண்டாண்டுகள் ஆகின்றன. அவன் அவருக்குக் கையாளாகச் சேர்ந்தும் அத்தனை காலமே ஆகிறது. அதற்குள் பெரிய வழக்கென்று நெஞ்சு நிமிர்த்திச் சொல்ல, காணாமற்போன ஒரு மிதிவண்டி மணியைத் தவிர வேறொன்றும் வாய்க்கவில்லை.

"உடம்பெல்லாம் எங்கண்ணே கிடக்கு?" என்று குரலைத் தாழ்த்திக் கேட்டான்.

"உடம்பா? சுரண்டிக் குப்பையில போட்டுட்டு, மேல வழவழன்னு பூசிட்டுப் போயிருக்காங்க தம்பி."

வாயாடி எச்சிலை விழுங்கினான்; பல் வலித்தது. அண்ணி அசையவில்லை. தீப்பிடித்த கடைகளைப் பார்வையிட்டு உண்மையையும் புளுகையும் பிரித்தெடுக்கும் வேலையைக் காப்பீட்டு நிறுவனம் ஒன்றில் இருபதாண்டுகள் செய்தவர் அவர். எதிரே இருப்பவரின் முகத்தைப் பார்க்குமுன் கைகளைப் பார்ப்பது அவர் வழக்கம்.

"நீங்க கொத்தனார். பழைய வீடுகளுக்குப் பூச்சு வேலை பார்க்கிறவர். சாட்சின்னு நீங்க சொல்றது ஆளுங்களை இல்லையே?"

"ஆளா? ஐயையோ, இல்லம்மா! விரிசலுக்கு வைக்கிற பொட்டைச் சொல்றேன்."

வாயாடியின் முகத்தில் தோன்றிய ஏமாற்றத்தைக் கண்டு கொத்தனார் சற்றே வருந்தினார் போலும்; விளக்கத்தை அவனை நோக்கியே சொன்னார்.

"பழைய சுவத்துல விரிசலைப் பார்த்ததும் அடைச்சிடக் கூடாது தம்பி. அது செத்த விரிசலா, இன்னும் நகர்ற விரிசலான்னு தெரியணும். அதுக்குக் குறுக்க விரல் அகலத்துக்கு ஒரு பொட்டு ஜிப்சம் வைப்பேன். பக்கத்துல பென்சிலால நம்பரும் தேதியும் எழுதுவேன். விரிசல் நகர்ந்தா பொட்டு ரெண்டா உடையும். அந்தக் கூடத்துல சுவரும் சீலிங்குமா முப்பத்திரண்டு பொட்டு வச்சேன். நாலு நாளா, தினம் நாலு பொட்டைக் காணோம். பொட்டு மட்டுமில்ல, விரிசலையே காணோம்!"

"அடைச்சிருக்காங்கன்னா உங்களுக்கு வேலை மிச்சம்தானே?" என்றான் வாயாடி.

கொத்தனார் அவனை ஏற இறங்கப் பார்த்தார். ஒரு கோளாற்றின் காரணத்தை ஆராயாமல், மேலே பூசி மறைப்பதையே திறமை என்று கொண்டாடுவோர் பெருகிவிட்ட காலம் இது. அந்தப் பெருங்கூட்டத்தின் ஏகப் பிரதிநிதியாக வாயாடியே அங்கு அமர்ந்திருப்பதைப் போல் இருந்தது அந்தப் பார்வை.

"தம்பி, சீலிங்கைக் குச்சியால தட்டிப் பார்த்தேன். காலிப் பெட்டி மாதிரி சத்தம் கேட்குது. பூச்சு மேல பிடிமானமே இல்லாம தொங்குது. இன்னிக்கு நாலு மணிக்கு அதுக்குக் கீழே குடும்பமே நின்னு போட்டோ எடுக்கப் போறாங்க. பத்தொன்பது பேரு. அதுல ஒண்ணு கைக்குழந்தை. வீட்டுக்காரம்மாகிட்டச் சொன்னா, விரிசலே இல்லாத சீலிங் எப்படிய்யா விழும்னு என்னையே திருப்பிக் கேட்கிறாங்க. உடைஞ்ச பொட்டைக் காட்டலாம்னா, உடைஞ்சதெல்லாம் அந்தப் பதினாறுக்குள்ளேயே போயிடுச்சே!"

அண்ணி சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். மணி ஒன்று.

"வாயாடி, செருப்பைப் போடு."

"அண்ணி, எனக்கு ரெண்டு மணிக்குப் பல் பிடுங்கணும். டாக்டர் சீட்டே எழுதிக் குடுத்துட்டார்."

"இதே பல்லுக்குப் போன வாரமும் போகல, அதுக்கு முந்தின வாரமும் போகல. இன்னிக்கு மட்டும் என்ன அப்படி ஒரு வீரம்?"

வாயாடி வாயை மூடிக்கொண்டான். இது மிக அரிதாகவே நிகழும்.

அந்த வீடு, மிதிவண்டி பழுதுபார்க்கும் கடைக்கும் சலவைக் கடைக்கும் நடுவே நின்றது. கூடத்தில் நாற்காலிகளும் மேசைகளும் ஓரங்கட்டப்பட்டு, நீண்ட பலகைகள் மூன்று படிகளாக அடுக்கப்பட்டிருந்தன. அவற்றை ஒட்டி, உட்கூரையின் நடுவைத் தொடும் உயரத்துக்குக் கொத்தனாரின் சாரம். அந்தச் சாரத்தின் மரக்கால்களை ஈரத்துணியால் துடைத்துக்கொண்டிருந்தார் வீட்டுக்காரம்மா.

"துப்பறியறவங்களா? எதைத் துப்பறியப் போறீங்க? காணாமப் போனது விரிசல். அது கிடைச்சா எனக்கு வேணாம், நீங்களே வச்சுக்குங்க."

"அது எப்படிம்மா தானாக் காணாமப் போகும்?"

"ஏன் போகாது? கையில வெட்டுக்காயம் பட்டா ஆறுதில்ல? வீடுன்னா மட்டும் ஆறக் கூடாதா? முப்பது வருஷமா தினம் இந்தச் சுவத்தைத் திட்டிக்கிட்டுத்தான் பெருக்குறேன். இப்பத்தான் அதுக்குப் புத்தி வந்திருக்கு. நல்லது நடந்தா இந்தக் கொத்தனாருக்குப் பிடிக்கல."

கொத்தனார் தம் தலையில் அடித்துக்கொண்டார். அதிலிருந்தும் வெள்ளைத் தூள் எழுந்தது.

"வீட்டுல வேற யாரெல்லாம் இருக்கீங்க?" என்று அண்ணி கேட்டார்.

"நானும் என் அண்ணனும்தான். அவர் பின்னறையில படுத்திருப்பார் பாவம், யார் வம்புக்கும் போகமாட்டார். மத்தவங்க எல்லாம் மூணரைக்கு வந்துடுவாங்க. மத்தியானம் நான் கொஞ்சம் கண்ணசருவேன். அப்ப இந்தச் சாரத்துல யாராவது ஏறினா எனக்குத் தெரியாதாக்கும்?"

'கொஞ்சம் கண்ணசருவது' என்பது தெருமுனைவரை கேட்கும் குறட்டை என்பதைக் கொத்தனார் கண்ணாலேயே தெரிவித்தார்.

வாயாடி சாரத்தில் ஏறினான். ஏறும்போதே தன் வாழ்க்கை வரலாற்றின் கடைசி வரியை மனத்துக்குள் எழுதிக்கொண்டான். மேலே போனதும் அதை மறந்தான். பதினாறாம் எண்ணின் அருகே விரிசல் இருந்த இடம், ஆற்றில் உருண்ட கூழாங்கல்லைப்போல் வழவழப்பாக இருந்தது. நகத்தால் சுரண்டினான், நகந்தான் தேய்ந்தது.

"அண்ணி! இது சாதாரண வேலை இல்ல. கரண்டித் தடமே காணோம். முகத்துக்கு மாவு பூசின மாதிரி இருக்கு!"

"இன்னும் என்ன இருக்கு?"

"சுண்டுவிரல் அளவுக்கு ஒரு பஞ்சு உருளை பலகையில கிடக்கு. அப்புறம்... அண்ணி, சீலிங்ல கிராம்பு வாசனை அடிக்குது."

"பல்வலியில மூக்கும் குழம்பிடுச்சா?"

"மோந்து பார்த்துட்டுச் சொல்லுங்க!"

ஏறி முகர்ந்து பார்த்த கொத்தனார், தாம் முப்பதாண்டுகளாகச் செய்துவரும் தொழிலையே ஐயுறத் தொடங்கியவர்போல் இறங்கி வந்தார். "கிராம்புதாம்மா. எந்தக் கொத்தனாரும் கிராம்பும் பஞ்சும் வச்சு வேலை பார்க்கமாட்டான். இது நம்ம ஆளுங்க கை இல்ல."

அண்ணி அவருடைய குறிப்பேட்டை வாங்கிப் பார்த்தார். முதல் நாள் மறைந்தவை 1, 16, 17, 32. இரண்டாம் நாள் 2, 15, 18, 31. மூன்றாம் நாள் 3, 14, 19, 30. நான்காம் நாள் 4, 13, 20, 29.

"இந்த ஒண்ணு, பதினாறு, பதினேழு, முப்பத்திரண்டு நாலும் பக்கத்துல பக்கத்துல இருக்கா?"

"எங்கம்மா? ஒண்ணு வாசக்கதவு மூலையில. பதினாறு சீலிங் நடுவுல. பதினேழு ஜன்னலுக்கு மேல. முப்பத்திரண்டு மாடிப்படி ஓரத்துல. நான் நடந்த வழியில நம்பர் போட்டேன், அவ்வளவுதான்."

"அப்போ அந்த ஆளு சுவத்தைப் பார்த்து அடைக்கல. நம்பரைப் பார்த்து அடைக்கிறான்."

"பஸ் நம்பரா இருக்குமோ?" என்றான் வாயாடி. "இல்லன்னா ஏதாவது பூட்டோட ரகசிய எண். திறந்தா உள்ள புதையல்..." சிரிக்கப் போனவன், "ஆ!" என்று கன்னத்தைப் பிடித்துக்கொண்டு குனிந்தான்.

அண்ணி அவனையே உற்றுப் பார்த்தார். அந்தப் பார்வை கனிவினால் எழுந்ததன்று என்பது அவனுக்கு உடனே விளங்கியது.

"உன் டாக்டர் எழுதின சீட்டை எடு."

"இப்பவா? போகச் சொல்றீங்களா?"

"எடுடா."

சட்டைப்பையிலிருந்து மடங்கிய சீட்டு வந்தது. அதில் திறந்த வாய் ஒன்று அச்சிடப்பட்டிருந்தது. மேல்வரிசையின் ஒரு கோடியில் தொடங்கி மறுகோடிவரை ஒன்று முதல் பதினாறு. அதற்கு நேர் கீழே பதினேழில் தொடங்கித் திரும்பி வந்து முப்பத்திரண்டு. பதினேழின்மேல் சிவப்பு மையால் பெருக்கல் குறி.

"ஒண்ணு, பதினாறு, பதினேழு, முப்பத்திரண்டு," என்று அண்ணி விரல் வைத்துக் காட்டினார். "நாலும் கடைசிக் கடைவாய்ப் பல்லு. மறுநாள் அதுக்கு முந்தின நாலு. அப்புறம் அதுக்கும் முந்தின நாலு. பின்னாலேருந்து முன்னால வர்றான். கிராம்பு எண்ணெய், பஞ்சு உருளை, கரண்டி படாத அடைப்பு. வீட்டுக்காரம்மா, உங்க அண்ணன் ரிட்டயர் ஆகுறதுக்கு முன்னால என்ன வேலை பார்த்தார்?"

வீட்டுக்காரம்மாவின் கையிலிருந்த ஈரத்துணி தரையில் விழுந்தது.

"பல் டாக்டரா இருந்தார்."

பின்னறைக் கதவு திறந்தேயிருந்தது. மேசையின்மீது ஒரு ரப்பர் கிண்ணம், வெள்ளைப் பொடி நிறைந்த டப்பா, வரிசை கலையாமல் வைக்கப்பட்ட கொக்கிகளும் கரண்டிகளும். நெற்றியில் சிறு விளக்குடன் நின்றிருந்த முதியவர், உள்ளே நுழைந்த நால்வரில் முதலில் பார்த்தது வாயாடியின் கன்னத்தை.

"வாயைத் திற."

"ஐயா, நாங்க வந்தது..."

"திறன்னு சொன்னேன்." திறந்தான். "பதினேழு. ரெண்டு வாரமா ஓடி ஒளியறே. சரி, மூடு. என்ன விஷயம்?"

"கூடத்துல விரிசலை அடைச்சது நீங்கதானே?" என்றார் அண்ணி.

மறுப்பார், மழுப்புவார், குறைந்தபட்சம் வெட்கப்படவாவது செய்வார் என்று வாயாடி எதிர்பார்த்தான். முதியவரோ விளக்கை அணைத்துவிட்டு, நீண்ட நாள் காத்திருந்த கேள்வி வந்துவிட்டதுபோல் நிமிர்ந்தார்.

"ஆமா, அடைச்சேன். இந்த ஆள் செஞ்சிருந்த அக்கிரமத்தைப் பார்த்துட்டு எப்படிச் சும்மா இருக்கிறது? ஒவ்வொரு குழிக்கும் மேல ஒரே ஒரு பொட்டு! சுத்தம் பண்ணல, ஓரம் வெட்டல, ஒரு பொட்டை வச்சுப் பக்கத்துல தேதி வேற போட்டிருக்கான். எனக்குத் தெரியாதா இந்தத் தந்திரம்? தற்காலிகமா அடைச்சுத் தேதி போட்டு, ஆறு மாசம் கழிச்சு மறுபடி வரச் சொல்ற கூட்டம்! நாப்பது வருஷம் இந்தக் கூட்டத்தோடதான் நான் சண்டை போட்டேன்!"

"அது அடைப்பு இல்லய்யா, சாட்சி!" என்று கொத்தனார் கத்தினார்.

"சாட்சியா? சொத்தைக்கு எதுக்குய்யா சாட்சி?"

"சரி டாக்டர்," என்றார் அண்ணி, "எதுக்கு அந்த வரிசையில அடைச்சீங்க?"

முதியவர் முதன்முறையாகத் தயங்கினார். "முப்பத்திரண்டு நம்பரைப் பார்த்ததும் கை தானாப் போயிடுச்சும்மா. கடைவாய்ல ஆரம்பிக்காம எனக்கு வேலை ஓடாது."

வழக்கு முடிந்தது. திருடர் அகப்பட்டார், குற்றத்தை ஒப்புக்கொண்டார், கருவிகளும் கைப்பற்றப்பட்டன. ஒரு துப்பறியும் நிபுணருக்கு இதைவிட என்ன வேண்டும்? ஆனால் வீட்டுக்காரம்மாவின் முகம் மலர்ந்ததைக் கண்டபோது, தாங்கள் ஒரு பெரிய தவற்றைச் செய்துவிட்டோம் என்று வாயாடிக்கு உறைத்தது.

"எங்க அண்ணன் அடைச்சதா? அப்ப இனிமே என்ன கவலை? அவர் அடைச்ச பல்லோட இந்தத் தெருவுல பாதிப் பேரு இன்னும் மென்னுக்கிட்டு இருக்காங்க. கொத்தனாரே, சாரத்தைப் பிரிங்க. போட்டோ இங்கேயேதான்!"

மணி மூன்றரை. அத்தைகளும் சித்தப்பாக்களும் மைத்துனர்களும் வந்து பலகைகளில் ஏறத் தொடங்கினர். கைக்குழந்தையுடன் வந்த பெண்ணை நடுவில், சரியாகப் பதினாறாம் எண்ணுக்குக் கீழே உட்காரவைத்தார்கள். புகைப்படக்காரர் முக்காலியை விரித்து, "உயரமானவங்க பின்னாடி போங்க!" என்று கூவினார். கொத்தனார் ஒவ்வொருவரிடமும் சென்று, "வெளியில வந்துடுங்கம்மா... ஐயா, கொஞ்சம் சொல்றதைக் கேளுங்க..." என்று கெஞ்சினார். ஒரு சித்தப்பா, அவரையும் உறவினர் என்று எண்ணி, இடுப்பைப் பிடித்து இரண்டாம் வரிசையில் நிறுத்தினார்.

"அண்ணி, நாம கண்டுபிடிச்சதாலதான் இவங்க மாட்டிக்கிட்டாங்க," என்றான் வாயாடி.

"தெரியும். சாரத்தைப் பிடி."

அண்ணி புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு விறுவிறுவென்று ஏறினார். பதினாறாம் எண்ணின் அடைப்பைக் கைவிளக்கால் பக்கவாட்டில் ஒளி பாய்ச்சிப் பார்த்தார். பிறகு கீழே நோக்கி, கூட்டம் முழுவதற்கும் கேட்கும்படி, மிக வருத்தமான குரலில் சொன்னார்:

"டாக்டர், உங்க அடைப்பு உடைஞ்சிருக்கு."

முதியவரின் கழுத்து நரம்புகள் புடைத்தன.

"என் அடைப்பா?"

"நாலே நாள்ல. நடுவுல முடி அளவுக்கு ஒரு கோடு. நீளத்துக்கும் ஓடுது."

"நகருங்க!"

எழுபது வயதுக்காரர் சாரத்தில் ஏறிய வேகத்தைக் கண்டு மைத்துனர்கள் வாய்பிளந்தனர். பலகையில் மல்லாந்து படுத்து, நெற்றி விளக்கை ஏற்றி, பிடி வைத்த குட்டிக் கண்ணாடியை உட்கூரைக்குக் காட்டினார். ஒரு கொக்கியின் பின்புறத்தால் மெல்லத் தட்டினார். காலிப் பெட்டியின் ஓசை. சற்றுத் தள்ளித் தட்டினார். அதே ஓசை. இரண்டு விரல்களை உட்கூரையில் வைத்து, மெத்தென்று மேல்நோக்கி அழுத்தினார். உட்கூரை மேலே போயிற்று. விரலை எடுத்தார். கீழே வந்தது.

அவர் முகத்திலிருந்த கோபம் வடிந்துவிட்டது. தொழில் தெரிந்தவனின் அச்சம் அந்த இடத்தில் வந்து அமர்ந்தது.

"கொத்தனாரே," என்று அழைத்தார், முதன்முறையாக மரியாதையுடன். "இதுக்கு வேர் எங்க இருக்கு?"

"மேல மெல்லிசான மரப்பட்டிகையை இடுக்கு விட்டு வரிசையா அடிச்சிருக்குங்க ஐயா. ஈரப் பூச்சை அழுத்தும்போது அது இடுக்குல பிதுங்கி, அந்தப் பக்கம் கொக்கி மாதிரி மடிஞ்சு பிடிச்சுக்கும். அந்தக் கொக்கியெல்லாம் முறிஞ்சிருந்தா, அதைப் பிடிச்சு நிறுத்த ஒண்ணுமே இல்லைங்க."

"வேர் போயிடுச்சு," என்றார் முதியவர். "என் அடைப்பு உடையாது. அடைப்பு உடைஞ்சா பல்லு ஆடுதுன்னு அர்த்தம். ஆடுற பல்லை எவனாவது அடைப்பானா? நான் அடைச்சிருக்கேன். நானே அடைச்சிருக்கேன்!" உடனே கீழே குனிந்து, நாற்பதாண்டுகள் நோயாளிகளை நடுங்கவைத்த குரலில் முழங்கினார். "எல்லாரும் வெளியே! முதல்ல குழந்தை. யாரும் ஓடாதீங்க, குதிக்காதீங்க. இதைப் பிடுங்கித்தான் ஆகணும்!"

இத்தனை நாளாகக் கொத்தனார் தொண்டை கிழியச் சொன்னதை ஒரு காதில் வாங்கி மறுகாதில் விட்ட குடும்பம், இந்த ஒரு சொல்லுக்கு மந்தைபோல் வாசலை நோக்கி நகர்ந்தது. காரணம் காட்டி எச்சரித்தால் கேளாதவர்கள், அதட்டினால் உடனே கேட்கிறார்கள். இது அந்தக் குடும்பத்துக்கு மட்டும் உரிய குறை என்று சொல்ல இயலாது. அண்ணியும் வாயாடியும் முதியவரை இருபுறமும் தாங்கி இறக்கினர். கடைசியாக வந்த வீட்டுக்காரம்மா நிலைப்படியிலேயே நின்றுவிட்டார்.

"அவ்வளவு பெரிய சீலிங் சும்மா விழுந்துடுமா?" என்றார், இன்னும் மனம் ஒப்பாமல்.

கொத்தனார் வாசற்படியில் நின்றபடியே நீண்ட மூங்கிலை உள்ளே நீட்டி, உட்கூரையின் ஓரத்தில் ஒருமுறை தொட்டார். இடித்தாரில்லை, தொட்டார்.

முதலில் ஒரு பெருமூச்சுப் போன்ற ஒலி. பிறகு உட்கூரையின் பெரும்பகுதி ஒரே பாளமாக இறங்கி, மூன்று படிப் பலகைகளையும் முறித்துக்கொண்டு தரையில் சிதறியது. வெண்புகை வாசல் வழியே தெருவுக்குப் பாய்ந்து, பத்தொன்பது பேரையும் ஒரே நிறத்தினர் ஆக்கிற்று. அந்த அதிர்ச்சியில், காமிராவோடு வெளியே வந்திருந்த புகைப்படக்காரரின் விரல் தானாகவே பொத்தானை அழுத்திவிட்டது.

குழந்தை தும்மியது. அதன் தாய் அதை இறுக அணைத்துக்கொண்டு, அது சற்றுமுன் இருந்த இடத்தைப் பார்த்தார். அங்கே ஓர் ஆள் எடைக்குப் பூச்சுக் கிடந்தது. அவர் திரும்பிக் கொத்தனாரை நோக்கிக் கைகூப்பினார்.

புழுதி அடங்கியதும் கொத்தனார் உள்ளே சென்று ஒரு துண்டை எடுத்துவந்து, அதன் முதுகில் முறிந்துபோன கொக்கிகளின் வரிசையை வீட்டுக்காரம்மாவிடம் காட்டினார். 'நான் அப்போதே சொன்னேனே' என்று அவர் சொல்வதற்கு உலகத்து நியாயமெல்லாம் இடங்கொடுத்தது. அவர் சொல்லவில்லை.

"திங்கட்கிழமை ஆரம்பிக்கிறேம்மா. ஆனா ஒரு நிபந்தனை. உங்க அண்ணன்..."

"புரியுதுய்யா. அவரைப் பின்னறையில வச்சுப் பூட்டிடறேன்."

"ஐயையோ, பூட்டிடாதீங்க! அவர் எனக்கு வேணும். சீலிங் ஓரத்துல பூவும் கொடியுமா ஓடுது பாருங்க, பாதி உதிர்ந்துடுச்சு. அதைச் செதுக்கறதுக்கு இந்த ஊர் முழுக்கத் தேடினாலும் ஒரு கை கிடைக்காது. நானும் தேடிக்கிட்டுத்தான் இருந்தேன்."

"திருடனைப் பிடிச்சுக் குடுத்தா வேலை போட்டுக் குடுக்கிறீங்களே!" என்றான் வாயாடி.

"பேசாம இரு," என்றார் அண்ணி. ஆனால் அவரும் சிரித்துக்கொண்டிருந்தார்.

முதியவர் இவை எதையும் கவனிக்கவில்லை. நிலைப்படியில் நின்று, மரப்பட்டிகைகள் விலாவெலும்புகளாகத் தெரியும் அந்தப் பெரும் பள்ளத்தை நெடுநேரம் அண்ணாந்து பார்த்தார். பிறகு தங்கையை நோக்கித் திரும்பினார்.

"சுத்தமா வந்துடுச்சு. ஒரு துணுக்குகூட உள்ள தங்கல. இருபத்துநாலு மணி நேரத்துக்கு அந்த இடத்துல யாரும் கை வைக்கக் கூடாது. தண்ணி அடிச்சுக் கழுவக் கூடாது. சூடா எதுவும் பக்கத்துல கொண்டு போகக் கூடாது."

"சரிண்ணா," என்றார் வீட்டுக்காரம்மா, வெள்ளைத் தூள் படிந்த தலையை ஆட்டியபடி.

கொத்தனார் காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்து, ஒவ்வொன்றாகக் குறித்துக்கொண்டார்.